கலப்பத்தும் கணக்கும்: பலகை இடுக்கை அடைத்த அளவின் வரலாறு

 

இந்த ஆண்டறிக்கையின் பிற பக்கங்களில் பள்ளிவாசலின் வரவு செலவுக் கணக்கைக் காண்பீர்கள். இப்பக்கங்களில் நாம் எடுத்துக்கொண்டதும் ஒரு கணக்குத்தான். ஒரு படகின் இரு பலகைகளுக்கு நடுவே எவ்வளவு இடுக்கு இருக்கிறது, அதை அடைப்பதற்கு எவ்வளவு பருமனுள்ள திரி வேண்டும் என்னும் கணக்கு அது. கேட்பதற்கு மிகச் சிறியதாகத் தோன்றும். ஆயினும், காட்டுப்பள்ளி முதல் பழவேற்காடு வரை கடலையும் ஏரியையும் நம்பி வாழும் ஊர்களில், ஒரு குடும்பத்தின் தலைவர் மாலையில் வீடு திரும்புவதும் திரும்பாததும் சில வேளைகளில் அந்தச் சிறு கணக்கில் அடங்கியிருக்கிறது.

பலகை மிதக்கும், இதை எல்லோரும் அறிவோம். ஆனால் பல பலகைகளைச் சேர்த்து ஒரு கலமாக ஆக்கும்போது, அவற்றின் இடுக்குகளே அக்கலத்தின் பலவீனம் ஆகின்றன. அந்தப் பலவீனத்தை மறைத்துக் காப்பது நார், பஞ்சுத்திரி, எண்ணெய் கலந்த பூச்சு, இந்நாளில் ரப்பர் பட்டை ஆகிய எளிய பொருள்களே. இவற்றைச் சரியான அளவில் இடும் கலைக்கு நம் கடற்கரைத் தமிழில் கலப்பத்து என்று பெயர். அதன் வரலாற்றையும், அதற்குள் பொதிந்துள்ள படிப்பினையையும் சுருக்கமாக இங்கே தருகிறோம்.

திருமறை சுட்டும் மரக்கலம்

நபி நூஹ் (அலை) அவர்களின் கப்பலைத் திருக்குர்ஆன் பல இடங்களில் பேசுகிறது. ஸூரத்துல் கமரின் 13ஆம் வசனம் அக்கப்பலைப் பெயர் சொல்லிக் குறிக்காமல், அது எவற்றால் ஆனதோ அவற்றைச் சொல்லியே குறிக்கிறது. அங்கே இரண்டு பொருள்கள் கூறப்படுகின்றன. ஒன்று அல்வாஹ், அதாவது பலகைகள். மற்றொன்று துஸுர். இந்தச் சொல்லுக்கு ஆணிகள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழியாக விளக்கம் வந்துள்ளது. முஃபஸ்ஸிரீன்களில் பெரும்பாலோர் அதையே கொண்டனர். அரபு அகராதி ஆசிரியர்களோ, கப்பலின் பலகைகளைப் பிணைக்கும் பேரீச்ச நார்க் கயிறு என்னும் பொருளையும் உடன் தருகின்றனர். எப்பொருளைக் கொண்டாலும் கருத்து ஒன்றே: பலகைக்குச் சமமாக அதை இணைக்கும் பொருளும் மறையில் இடம்பெற்றுள்ளது.

அளவைப் பற்றிய பாடமோ வேறோர் இடத்தில் வருகிறது. ஸூரத்து ஸபஃவின் 10, 11ஆம் வசனங்களில், நபி தாவூத் (அலை) அவர்களுக்கு இரும்பு மென்மையாக்கித் தரப்பட்டதும், போர்க்கவசம் செய்யுமாறும் அதன் கண்ணிகளைக் கோக்கும்போது அளவு பேணுமாறும் அவர்களுக்குக் கட்டளையிடப்பட்டதும் கூறப்படுகின்றன. இந்த அளவு என்ன என்பதற்குத் தாபிஈன்களில் ஒருவரான முஜாஹித் (ரஹ்) அவர்களின் விளக்கத்தை இமாம் இப்னு கஸீர் (ரஹ்) எடுத்தெழுதுகிறார்கள். அதன் சாரம் இது: கண்ணியில் அடிக்கும் ஆணி மெலிந்திருந்தால் வளையத்துக்குள் தளர்ந்து ஆடும், தடித்திருந்தால் வளையத்தையே பிளந்துவிடும், ஆகவே அது வளையத்துக்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும்.

கவசத்துக்குச் சொன்ன இந்த விளக்கம், கலப்பத்து வேலை செய்யும் ஓடாவியின் தொழில் விதியோடு வரிக்கு வரி பொருந்துவதைப் பாருங்கள். திரி மெலிந்தால் அலையின் அசைவில் கழன்று விழும். திரி தடித்தால் பலகைகளை நெட்டித் தள்ளி, அவற்றைப் பிணைத்திருக்கும் ஆணியையும் தையலையும் தளர்த்தும். நன்மை செய்வதாக எண்ணி அதிகமாக அடைப்பதும் படகுக்குக் கேடுதான். திரியின் பருமனை முடிவு செய்வது இடுக்கு. அடைப்பவரின் ஆசைக்கோ கையில் மிஞ்சியிருக்கும் சரக்குக்கோ அங்கே இடமில்லை.

ஆணியில்லாத கலங்கள்

இந்துமாக் கடலின் பழைய கலங்களில் பெரும்பாலானவை ஆணி அடித்துச் செய்யப்பட்டவையல்ல, கயிற்றால் தைக்கப்பட்டவை. ஸ்பெயின் நாட்டின் கிரனாடாவிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட இப்னு ஜுபைர், ஹிஜ்ரி 579இல் (கி.பி. 1183) செங்கடலின் ஐதாப் துறையை அடைந்தார். அங்கே ஹாஜிகளை ஜித்தாவுக்கு ஏற்றிச் சென்ற ஜிலாப் என்னும் கலங்களை அவர் நுணுக்கமாகப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். அவற்றில் ஆணி இல்லை. தேங்காய் நாரை அடித்து முறுக்கிய கயிற்றால் பலகைகள் தைக்கப்பட்டிருந்தன. இடையிடையே பேரீச்ச மரத்துச் சிம்புகள் செருகப்பட்டிருந்தன. அச்சிம்புகளுக்கு இப்னு ஜுபைர் வழங்கும் பெயர், திருமறையில் வரும் அதே துஸுர் என்னும் சொல். கலம் முடிந்தபின் அதற்கு நெய்யோ, ஆமணக்கெண்ணெயோ, சுறா எண்ணெயோ ஊட்டினார்கள் என்றும், அவற்றுள் சுறா எண்ணெயே மேலானது என்றும் அவர் குறிக்கிறார்.

அவருக்கு ஏறத்தாழ 160 ஆண்டுகளுக்குப் பின், 1340களில், அரபியர் மஅபர் என்று அழைத்த நம் சோழமண்டலக் கரைக்கே வந்தவர் இப்னு பதூதா. மாலத்தீவின் கயிற்றைப் பற்றி எழுதுகையில், இந்தியாவிலும் யமனிலும் கலங்கள் அக்கயிற்றால் தைக்கப்படுவதன் காரணத்தையும் அவர் சொல்கிறார். இக்கடலில் பாறைகள் மிகுதி. ஆணி அடித்த கலம் பாறையில் மோதினால் உடையும். தைத்த கலமோ சற்று நெகிழ்ந்து கொடுத்துத் தப்பும். இறுக்கமும் நெகிழ்வும் சேர்ந்திருந்தால்தான் பாதுகாப்பு என்பதை அக்காலத் தொழிலாளர் அனுபவத்தால் கண்டிருந்தார்கள்.

இவை ஏட்டில் மட்டும் உள்ள செய்திகள் அல்ல. இந்தோனேசியாவின் பெலிட்டுங் தீவருகே 1998இல் கடலடியில் ஒரு கலம் கண்டுபிடிக்கப்பட்டது. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கலம், ஏறத்தாழ 60,000 சீனப் பீங்கான்களைச் சுமந்திருந்தது. அதன் பலகைகள் தைக்கப்பட்டிருந்தன. தையலின் அடியில் இடுக்கை மூடும் நார்த் திணிப்பும் இருந்தது. நம் காலத்தில், 1980இல், ஓமானின் ஸூர் நகரில் கட்டப்பட்ட ஸொஹார் என்னும் தையல் கப்பலுக்கு லட்சத்தீவைச் சேர்ந்த கைவினைஞர்கள் சென்று தையல் போட்டார்கள். அக்கப்பல் மஸ்கட்டிலிருந்து புறப்பட்டு 1981இல் சீனாவின் கான்டன் நகரை அடைந்தது. 2025 மே மாதம் கார்வாரில் இந்தியக் கடற்படையில் சேர்க்கப்பட்ட கௌண்டின்யா என்னும் தையல் கப்பலை, கேரளத்தைச் சேர்ந்த பாபு சங்கரன் தலைமையில் தொழிலாளர்கள் கட்டினார்கள். ஆயிரம் ஆண்டுப் பழைய தொழில் இன்னும் சில கைகளில் உயிரோடிருப்பதற்கு இவை சான்றுகள்.

நம் கரையின் மசுலாப் படகு

இனி நம் கரைக்கு வருவோம். சோழமண்டலக் கரையில் இயற்கைத் துறைமுகங்கள் குறைவு. அலை மறியும் மணற்கரை நெடுகக் கிடக்கிறது. பழவேற்காட்டின் முகத்துவாரமோ ஆழம் குறைந்தது. ஆகவே பெரிய கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் இடையே ஆளையும் சரக்கையும் சுமந்து அலையைக் கடந்தவை சிறு படகுகளே. சென்னையிலும் 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் துறைமுகம் எழும் வரை இதுவே நிலை.

இந்த வேலைக்கென்றே அமைந்தது மசுலாப் படகு. 1834இல் இப்பகுதிக் கலங்களைப் பற்றி எழுதிய கப்பல் கட்டுநர் ஜான் எடை என்பார், அதன் நீளம் 30 முதல் 35 அடி என்றும், பலகைகள் கயிற்றால் தைக்கப்பட்டிருந்தன என்றும், தையல் குறுக்கே செல்லும் இடத்தில் இடுக்கின்மேல் நார்த் திணிப்பு வைக்கப்பட்டு, அது இணைப்பை அழுத்தி நீரைத் தடுத்தது என்றும் பதிவு செய்துள்ளார். மசுலாவுக்கு உள்ளே விறைப்பான விலாச்சட்டம் இல்லை. அலை தூக்கி மணலில் அறையும்போது படகு முழுதும் வளைந்து கொடுக்கும். விறைத்த படகு பிளக்கும் இடத்தில் மசுலா நெளிந்து நிமிரும்.

இவ்வாறு நெளியும் படகில் இடுக்கை அடைப்பது எளிதன்று. பலகை அசையும்போதெல்லாம் இடுக்கு விரிந்து சுருங்கும். திணிப்பு அதனோடு சேர்ந்து விரியவும் அமுங்கவும் வேண்டும். ஆகவே திணிப்பின் பருமனை மூன்று செய்திகள் முடிவு செய்தன: இடுக்கின் அகலம் முதலாவது, தையல் துளை பலகையின் விளிம்பிலிருந்து தள்ளியிருக்கும் தூரம் இரண்டாவது, கயிறு தாங்கும் இழுப்பு மூன்றாவது. திணிப்பு மெலிந்தால் தையல் இறுகியிருந்தும் நீர் கசியும். தடித்தால் கயிறு அறுபடும், அல்லது துளைக்கும் விளிம்புக்கும் இடைப்பட்ட மரம் கீறும். கயிறு நைந்துபோகும் பொருள் ஆகையால், குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை தையலைப் பிரித்து, பலகைகளைத் துடைத்து, புதிய திணிப்பு வைத்து மறுபடி தைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அளவு புதிதாக எடுக்கப்படும். சென்ற ஆண்டின் அளவு இவ்வாண்டுக்குச் செல்லாது. ஏனெனில் இடையில் பலகை தேய்ந்திருக்கும்.

பழவேற்காட்டின் வணிகச் சிறப்பை ஜமாஅத்தார்கள் அறிவீர்கள். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய போர்த்துகீசியர் துவார்த்தே பர்போசா, இங்கு முஸ்லிம் வணிகர் நிறைந்திருந்ததையும் கடல் கடந்த வாணிகம் செழித்ததையும் குறிப்பிடுகிறார். ஒல்லாந்தர் 1610இல் இங்குக் காலூன்றி 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினர். 1825இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குச் சென்றது. கிழக்கிந்தியத் தீவுகள் விரும்பி வாங்கிய வண்ணத் துணிகள் இக்கரையிலிருந்து சென்றன. சாயமிட்ட துணிச் சிப்பம் ஒன்று கடல்நீரில் நனைந்தால் நெய்தவர், சாயமிட்டவர், விற்பவர் ஆகிய மூவரின் உழைப்பும் வீணாகும். மரக்காயர்களின் செல்வமும் ஒல்லாந்தரின் இலாபமும் கரையைக் கடக்கும் அந்தச் சில நூறு அடித் தூரத்தில் ஓர் ஏழைத் தொழிலாளி வைத்த திணிப்பை நம்பியிருந்தன. கோட்டையின் வரலாற்றை எழுதியவர் பலர். அந்தத் தொழிலாளியின் பெயரை எழுதியவர் எவருமில்லை.

நூல் என்னும் அளவு

ஆணி அடித்த கலங்கள் பெருகியபின் அடைக்கும் முறையும் மாறியது. இங்கே பலகைகளின் உள்விளிம்புகள் ஒன்றையொன்று தொட்டிருக்கும்; வெளிவிளிம்புகள் சற்று விலகி, ஆப்பு வடிவில் ஒரு பள்ளம் அமையும். அப்பள்ளத்தில் முறுக்கிய பஞ்சுத்திரியை வைத்து, மழுங்கிய உளியாலும் கொட்டாப்புளியாலும் அடித்து இறக்குவார்கள். அதன்மேல் குங்கிலியத்தையும் எண்ணெயையும் காய்ச்சிப் பூசுவது ஒரு முறை. சுண்ணாம்பை எண்ணெய் விட்டு இடித்துப் பூசுவது மற்றொரு முறை. புன்னை எண்ணெயும் மீன் எண்ணெயும் மரத்தைக் காத்தன.

கலப்பத்து என்னும் சொல்லே பல கரைகளைக் கண்ட சொல். அரபியில் கல்ஃபத்த என்றால் கப்பலின் இடுக்கை அடைத்தான் என்று பொருள். போர்த்துகீசியர் அத்தொழிலாளியைக் கலஃபாத்தே என்றனர். எது எதற்கு மூலம் என்பதில் மொழியறிஞரின் கருத்துகள் பலவாறாக உள்ளன. நம் கப்பல் தமிழில் இதுபோன்ற சொற்கள் இன்னும் உண்டு. முஅல்லிம் மாலுமியானதும், ஸுக்கான் சுக்கானானதும், பாரசீகத்தின் நாகுதா நகுதாவானதும் யாவரும் அறிந்தவை. மறுபுறம், நம் கயிறு என்னும் சொல் ஐரோப்பிய மொழிகளில் தேங்காய் நாருக்கே பெயராயிற்று. கடலில் வாழ்ந்தவர்கள் சரக்கோடு சொல்லையும் தொழிலையும் பகிர்ந்துகொண்டனர். இனமும் மொழியும் அதற்குத் தடையாக இருந்ததில்லை.

அளவுக்கு வருவோம். நம் தச்சர்கள் ஓர் அங்குலத்தை எட்டாகப் பகுத்து, ஒரு பங்கை நூல் என்பார்கள். இன்றைய கணக்கில் அது மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். அடைக்கும் திரியும் நூல். அளக்கும் அலகும் நூல். ஒரு நூல் பிசகினாலும் என்னவாகும் என்பதை இந்தத் தொழிலைவிடத் தெளிவாகக் காட்டுவது வேறில்லை.

அளவு எடுக்கும் வேளையும் முக்கியம். படகு கரையேறி வெயிலில் காயும்போது மரம் சுருங்கி இடுக்கு விரியும். நீரில் இறங்கியபின் மரம் ஊறி உப்பி இடுக்கு குறுகும். நன்றாகக் காய்ந்த படகின் விரிந்த இடுக்கைக் கண்டு, அது நிறையுமளவுக்குத் திரியைத் திணித்துவிட்டால், மரம் ஊறும்போது விரிய இடமின்றிப் பலகைகள் ஒன்றையொன்று தள்ளும், ஆணி தளரும். எனவே ஊறலுக்கு இடம் விட்டே அடைக்க வேண்டும். புதிய படகைச் சில நாள் ஆழமற்ற நீரில் ஊறவைத்துப் பார்ப்பதும் இதனால்தான். இன்று கண்ணில் படும் இடுக்கோடு, நாளை நீரில் அமையப்போகும் இடுக்கையும் சேர்த்து நினைப்பவரே தேர்ந்த ஓடாவி.

மரம் போய் கண்ணாடியிழை வந்தது

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கியது. கட்டுமரங்களும் பலகைப் படகுகளும் பெருவாரியாக அழிந்தன. அதன்பின் நிவாரணமாக வந்தவற்றுள் பெரும்பாலானவை கண்ணாடியிழைப் படகுகள். நாம் பைபர் படகு என்று சொல்வது அவற்றைத்தான். இவற்றில் பலகை இல்லை. ஆகவே பலகை இடுக்கும் இல்லை. அதைக் கண்டு கலப்பத்தின் காலம் முடிந்தது என்று பலரும் எண்ணினர்.

ஆனால் இடுக்கு இடம் மாறியதே தவிர ஒழியவில்லை. பைபர் படகிலும் மீன் வைக்கும் அறைக்கு மூடி உண்டு. படகு கவிழ்ந்தாலும் மூழ்காமல் தாங்கும் காற்றறைகளுக்கும் மூடி உண்டு. அடித்தட்டும் மேல்தட்டும் சேரும் விளிம்பு உண்டு. இவற்றில் நீர் புகாமல் தடுப்பது ரப்பர் பட்டை. காற்றறையின் மூடிப்பட்டை பழுதானால், ஆபத்தில் மிதக்கவைக்க வேண்டிய அறையே நீர் நிறைந்து படகைக் கீழே இழுக்கும். வெளியிலிருந்து பார்த்தால் படகு புதிதாகவே தெரியும்.

காட்டுப்பள்ளியில் 2013 முதல் துறைமுகம் இயங்குகிறது. அதையொட்டி எல் அண்ட் டி நிறுவனத்தின் கப்பல் கட்டும் தளம் அமைந்து, கடலோரக் காவல்படைக்கான இரும்புக் கப்பல்கள் அங்கே உருவாகியுள்ளன. மசுலாவின் கயிற்றுத் தையல் கண்ட இந்தக் கரை, இன்று இரும்புத் தகட்டின் பற்றவைப்பைக் காண்கிறது. கடலில் செல்லும் பெரும் சரக்குக் கப்பல்களின் சரக்கறை மூடியிலும் ரப்பர் பட்டைதான் நீரைத் தடுக்கிறது. அதைச் சோதிக்கும் எளிய வழி ஒன்று உலகெங்கும் வழக்கில் உள்ளது. பட்டை அமரும் இரும்பு விளிம்பில் சுண்ணக்கட்டியால் கோடு தீட்டி, மூடியை மூடித் திறப்பார்கள். பட்டையில் சுண்ணத் தடம் அறுபடாமல் படிந்திருந்தால் எங்கும் தொடுகிறது என்று பொருள். தடம் விட்டிருந்தால் அங்கே நீர் புகும். தொடுவது தெரிந்தாலும் போதிய அழுத்தம் உண்டா என்பது இதில் தெரியாது. நீர் உண்மையில் புகுகிறதா என்பதை அறிய நீர் பீய்ச்சிப் பார்க்க வேண்டும். கோடிக்கணக்கான ரூபாய் பெறும் கப்பலுக்கும் ஒரு துண்டுச் சுண்ணக்கட்டி தேவைப்படுகிறது.

பட்டைக்கு அளவெடுக்கும் முறை

படகு உடைய சகோதரர்களின் பயன் கருதி, இன்றைய பட்டைக்கு அளவெடுக்கும் முறையையும் இங்கே எழுதுகிறோம்.

முதலாவதாக, பழைய பட்டையையும் பசையையும் முற்றாகச் சுரண்டி நீக்க வேண்டும். பழைய பட்டையின் பருமனைப் பார்த்து அதே அளவில் புதியதை வாங்குவது கூடாது. அது ஆண்டுக்கணக்கில் நசுங்கித் தன் உண்மையான அளவை இழந்திருக்கும்.

இரண்டாவதாக, இடுக்கை அளக்க வேண்டும். மூடிய மூடிக்குள் அளவுகோல் நுழையாது. ஆகவே பிசைந்த களிமண்ணைச் சிறு உருண்டைகளாக்கி, ஒட்டாதபடி மெல்லிய பிளாஸ்டிக் தாளில் பொதிந்து, நான்கு மூலைகளிலும் நான்கு பக்கங்களின் நடுவிலும் வைத்து, மூடியை வழக்கம்போல் தாழிட வேண்டும். திறந்தபின் நசுங்கிய களிமண்ணின் கனமே அந்தந்த இடத்தின் இடுக்கு. ஓரிடத்தில் மட்டும் அளந்து திருப்தியடைவது பெரும் பிழை. கீல் உள்ள பக்கம் குறுகியும் தாழ் உள்ள பக்கம் விரிந்தும் இருப்பது வழக்கம்.

மூன்றாவதாக, பருமனைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நீர் உறிஞ்சாத பஞ்சு ரப்பர் பட்டை ஏறத்தாழ கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை அமுங்கினால் நன்கு அடைக்கும். சான்றாக, மிகக் குறுகிய இடத்தில் 8 மில்லிமீட்டரும் மிக விரிந்த இடத்தில் 9 மில்லிமீட்டரும் இருந்தால், 12 மில்லிமீட்டர் பட்டை பொருந்தும். 8இல் அது மூன்றில் ஒரு பங்கு அமுங்கும். 9இல் கால் பங்கு அமுங்கும். தச்சர் கணக்கில் அது நான்கு நூலுக்குச் சற்றுக் குறைவு. ஓரிடத்தில் மட்டும் இடுக்கு 12 மில்லிமீட்டர் இருக்குமானால், அங்கே பட்டை தொட்டுக்கொண்டு மட்டும் நிற்கும், அடைக்காது. அதற்காக 16 மில்லிமீட்டர் பட்டையைச் சுற்றிலும் ஒட்டினால், குறுகிய இடத்தில் அது பாதியாக நசுங்க வேண்டிவரும். மூடி தாழ் விழாது, அல்லது கீல் முறியும். வளைந்த மூடியைச் சீர்செய்வதே அதற்கு மருந்து. தடித்த பட்டை அதற்கு மாற்றாகாது.

நான்காவதாக, நீளம். பட்டை அமரும் தடத்தின் நடுக்கோட்டில் ஒரு கயிற்றை வைத்து அளந்து, சற்று மிகுத்தே வெட்ட வேண்டும். இழுத்து ஒட்டிய பட்டை சில நாளில் சுருங்கி இணைப்பில் வாய் திறக்கும். இணைப்பை மூலையில் வைக்காமல் நேரான பக்கத்தில் வைப்பது நன்று.

அளவு ஓர் அமானத்

இப்போது இப்னு ஜுபைரிடம் மீண்டும் செல்வோம். ஐதாபின் கலங்களை நுணுக்கமாக விவரித்த அவர், அவற்றின் உரிமையாளர்களைப் புகழவில்லை. ஹாஜிகளைக் கூண்டில் கோழிகளை அடைப்பதுபோல் அவர்கள் அடைத்தார்கள் என்று வேதனையோடு எழுதுகிறார். ஒரே பயணத்தில் படகின் விலையை மீட்டுவிட்டால் பின்னர் அது என்னவானாலும் அவர்களுக்குக் கவலையில்லை. பலகைக்குத்தான் தாங்கள் பொறுப்பு, உயிருக்கு ஹாஜிகளே பொறுப்பு என்னும் கருத்துப்படப் பேசுவது அவர்களின் வழக்கமாக இருந்ததாம். ஏற்றும் ஆட்களில் அவர்கள் அளவு பேணவில்லை.

2011 டிசம்பர் 25ஆம் நாள் நம் பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்த துயரத்தை நம் ஊர் மறக்காது. அது இடுக்கைப் பற்றிய விபத்தன்று. ஆயினும் படகு என்பது முழுவதும் அளவின் மீது மிதக்கும் பொருள் என்பதை அந்நாள் நமக்குக் காட்டிற்று. எத்தனை பேர், எவ்வளவு சுமை, எந்த வேளை, எந்தக் காற்று என்பவையெல்லாம் அளவுகளே.

அளவையில் குறைப்போரை எச்சரித்து இறங்கிய ஸூரத்துல் முதஃப்ஃபிஃபீனைக் கடைத்தெருவுக்கு மட்டும் உரியதாக நாம் கருதுகிறோம். இறாலை நிறுக்கும் தராசில் பேணவேண்டிய நேர்மை, படகின் பட்டையை அளக்கும் கையிலும் பேணப்பட வேண்டாமா? ஐந்நூறு ரூபாயை மிச்சப்படுத்த, கையிலிருக்கும் ஏதோ ஒரு ரப்பர் துண்டை ஒட்டிவிட்டு, அதில் கூலிக்கு வரும் இளைஞர்களைக் கடலுக்கு அனுப்புவதும் அளவில் செய்யும் மோசடியே.

நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அறிவிக்கும், ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்ற நபிமொழியொன்றை நாம் அடிக்கடி குத்பாவில் கேட்கிறோம். ஒரு கப்பலின் மேல்தட்டில் சிலரும் கீழ்த்தட்டில் சிலரும் இருந்தனர். நீருக்காக மேலே சென்று மற்றவருக்குத் தொல்லை தருவானேன் என்று எண்ணிய கீழ்த்தட்டினர், தம் பகுதியிலேயே துளையிட்டுக்கொள்ள முனைந்தனர். மேலே உள்ளவர்கள் அவர்களைத் தடுத்தால் எல்லோரும் பிழைப்பர். விட்டுவிட்டால் எல்லோரும் அழிவர் என்பது அந்த உவமையின் கருத்து. துளையிடுவதும், இருக்கும் துளையை அடைக்காமல் விடுவதும் விளைவில் ஒன்றுதான். நீர் இரண்டுக்கும் வேறுபாடு பார்ப்பதில்லை.

நம் ஜமாஅத்தில் படகு உடையோர் உண்டு. படகில் கூலிக்குச் செல்வோர் உண்டு. படகு கொண்டுவருவதை வாங்கி விற்போரும் உண்டு. நம்மைச் சுற்றியுள்ள பட்டினவர் சமுதாயச் சகோதரர்களோடு ஒரே ஏரியில், ஒரே முகத்துவாரத்தில் நம் வாழ்வு பிணைந்திருக்கிறது. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்குக் கடல் மீன்பிடித் தடைக்காலம். படகு பழுதுபார்க்கும் காலமும் அதுவே. சிறு படகு உடையோரும் அந்நாள்களில் ஒரு நாளை ஒதுக்கி, ஒவ்வொரு மூடியையும் களிமண் வைத்து அளந்து பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். வடகிழக்குப் பருவமழைக்கு முன் மற்றொரு முறை சுண்ணக்கட்டியால் சோதிப்பது நலம். தனியே செய்ய இயலாத ஏழைச் சகோதரருக்கு, அவர் எச்சமயத்தவராயினும், அடுத்த படகுக்காரர் உதவட்டும். மரக்கலப்பத்துத் தெரிந்த முதியவர்கள் ஊரில் எஞ்சியிருந்தால், நம் பிள்ளைகள் அவர்களிடம் அமர்ந்து அந்த அறிவைக் கேட்டு எழுதி வைக்கட்டும். பெயர் எழுதப்படாமல் போன தொழிலாளர்களுக்கு நாம் செய்யக்கூடிய குறைந்தபட்ச நன்றி அது.

பலகைகள் பலவாக இருப்பது குறையன்று. ஒரு ஜமாஅத்திலும் மனிதர் பலர். அவர்களுக்கிடையே இடுக்கும் உண்டு. அதை அடைக்கும் சொல்லும் செயலும் அளவோடு இருந்தால் கலம் கரைசேரும்.

யா அல்லாஹ்! கடலில் செல்லும் எங்கள் மக்களையும், எங்கள் அண்டை ஊர்களின் மக்களையும் பாதுகாப்பாயாக! எங்கள் தொழிலிலும் கொடுக்கல் வாங்கலிலும் அளவு பேணும் நல்லடியார்களாக எங்களை ஆக்கியருள்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.